சீட்டின் மேல் பழி

"கிளி ஜோசியக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறீரே, பகுத்தறிவுள்ள எழுத்தாளன் செய்கிற காரியமா இது?" என்று என் நண்பர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு கேள்வி கேட்டேன்; அவ்வளவுதான். 2024-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், பாராளுமன்றத் தேர்தல் சமயம். கடலூர்ப் பக்கத்தில் ஒரு கிளி ஜோசியக்காரர், வேட்பாளராக நின்ற சினிமா டைரக்டர் தங்கர் பச்சானுக்குச் சீட்டு எடுத்துப் பார்த்து, வெற்றி நிச்சயம் என்று சொல்லிவிட்டார். அந்தக் காட்சி ஊரெல்லாம் பரவியது. வனத்துறையார் வந்து ஆளையும் பிடித்தார்கள், கிளிகளையும் பிடித்தார்கள். பிறகு ஆளை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். ஜூன் மாதம் வோட்டுகளை எண்ணியபோது வேட்பாளர் தோற்றிருந்தார். மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்தவரைப் பிடித்தார்களே, அதே ஊர்களில் குளிர்சாதன அறையில் வெல்வெட் துணி விரித்து டாரட் சீட்டு அடுக்குகிறவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இதுதான் என் கேள்வி.

இதற்குச் சட்டம் சொல்லுகிற பதில் எனக்குத் தெரியும். அது நியாயமான பதில்தான். ஜோசியம் சொன்னதற்காக அவரைப் பிடிக்கவில்லை. கிளியைக் கூண்டில் அடைத்ததற்காகப் பிடித்தார்கள். பச்சைக்கிளி 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள பறவை. அதன் சிறகைக் கத்தரித்து, ஒரு ஜாண் கூண்டில் அடைத்து, ஒரு நெல்மணிக்காக நாள் முழுக்கச் சீட்டுப் பொறுக்க வைப்பது கொடுமை. இந்த விஷயத்தில் நான் வனத்துறையின் கட்சி. டாரட் பார்க்கிற அம்மாளிடம் கிளி இல்லை. ஆகவே குற்றமும் இல்லை.

சரி. சீட்டு எடுக்கிற கிளிக்குச் சட்டம் வந்துவிட்டது. சீட்டுக்கு எதிரே உட்கார்ந்து கேட்கிற மனுஷிக்கு?

என் அக்காள் மகள் ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். படித்தவள், கல்யாணத்துக்கு முன் உத்தியோகம் பார்த்தவள். போன வருஷம் ஒரு நாள் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, மத்திய பஸ் நிலையத்தில் இறங்கி, மன்னார்புரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்குப் போயிருக்கிறாள். அங்கே ஓர் அம்மாள் டாரட் பார்க்கிறார். கட்டணம் 1500 ரூபாய். என் வீடு அந்த இடத்திலிருந்து நடந்து போகிற தூரம். என்னிடம் அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பிறகு சொல்லுகிறேன். அது எனக்குப் பெருமையான சங்கதி அல்ல.

அவள் கேட்கப் போனது இது: "என் புருஷன் என்னை அடிக்கிறார். நான் இருப்பதா, வந்துவிடுவதா?" ஆனால் வாயைத் திறந்து கேட்டது, "என் குடும்ப வாழ்க்கை எப்படி இருக்கும்?" என்றுதான். நம் வீட்டுப் பெண்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்?

மூன்று சீட்டு விழுந்தது. கடந்த காலத்துக்குக் 'காதலர்' சீட்டு. நிகழ்காலத்துக்கு 'எட்டு வாள்'. வருங்காலத்துக்கு 'நிதானம்'. அந்த 'எட்டு வாள்' சீட்டை வாசகர்கள் பார்த்திருக்கமாட்டார்கள்; சொல்லுகிறேன். ஒரு பெண் நிற்கிறாள். கண் கட்டப்பட்டிருக்கிறது. உடம்பைச் சுற்றிக் கட்டு. அவளைச் சுற்றி ஈரத் தரையில் எட்டு வாள்கள் நட்டிருக்கின்றன. தூரத்தில், ஒரு குன்றின் மேல் கோட்டை. அடிபடுகிற ஒரு பெண்ணின் முன்னால் இந்தப் படம் வந்து விழுந்தால், பார்க்கிற எவருக்கும் நெஞ்சு திக்கென்று இருக்க வேண்டாமா?

அந்த அம்மாள் புத்தகத்தில் படித்ததைச் சொன்னார். கட்டு தளர்வாகத்தான் இருக்கிறதாம். அவளைக் கட்டிப்போட்டிருப்பது அவளுடைய மனமேயாம். "சிறை உன் எண்ணத்தில் இருக்கிறது அம்மா. எண்ணத்தை மாற்று." 'நிதானம்' என்ற சீட்டில் ஒரு தேவதை, ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு அர்த்தம் பொறுமை. "பொறுத்துக்கொள், எல்லாம் கூடி வரும் என்று கார்டு சொல்லுகிறது."

அவளும் பொறுத்துக்கொண்டாள். மூன்று மாதம் கழித்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

புருஷன் கையை ஓங்கியதற்குச் சீட்டு பார்த்த அம்மாள் பொறுப்பாவாரா என்று கேட்கலாம். ஓங்கிய கைக்கு அவர் பொறுப்பில்லை. அந்த மூன்று மாதத்துக்குப் பொறுப்பு உண்டு என்கிறேன். பொறு என்று சொன்னது யார்? காகிதமா? காகிதத்துக்கு வாய் ஏது? சொன்னது அந்த அம்மாள். பழி மட்டும் சீட்டின் மேல்.

இங்கேதான் என் கோபமெல்லாம். சீட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சீட்டு அழகான பொருள். அதன் உண்மைக் கதை, அதை விற்கிறவர்கள் சொல்லுகிற பொய்க் கதையைவிட எவ்வளவோ ருசியானது. எகிப்து தேசத்துப் பூசாரிகள் தங்கள் ஞானத்தையெல்லாம் இந்த 78 சீட்டுகளில் ஒளித்துவைத்தார்கள் என்கிறார்கள். உண்மை என்ன? 15-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில், பிரபுக்கள் வீட்டில் பொழுதுபோக்குக்காக ஆடிய சீட்டாட்டம் இது. நாலு ஜாதிச் சீட்டு 56, அதோடு துருப்பு போன்ற 22 படச் சீட்டுகள். நம்மூர்த் திண்ணையில் 'இருபத்தெட்டு' ஆடுகிறோமே, அந்த இனம்தான். பிரான்சில் இன்றைக்கும் இதை ஆட்டமாகவே ஆடுகிறார்கள். எதிர்காலத்தைப் பற்றி அவர்களுக்கு இதில் உள்ள ஒரே கவலை, அடுத்த பிடி யாருக்கு என்பது.

எகிப்துக் கதை எப்போது பிறந்தது? 1781-ல். கூர் த ழெபெலென் என்ற பிரெஞ்சுப் பண்டிதர், சிலர் இந்தச் சீட்டு ஆடுவதைப் பார்த்துவிட்டு, இது எகிப்தியரின் ரகசிய நூல் என்று எழுதிவிட்டார். எகிப்திய எழுத்தை ஷம்போலியோன் படித்துக் காட்டியது 1822-ல். அதாவது, ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாத காலத்தில், 41 வருஷம் முந்தி, அந்த மொழியின் ரகசியம் இவருக்குத் தெரிந்துவிட்டது! இன்று மன்னார்புரத்தில் விரிக்கப்படுகிற படங்கள் அதற்கும் பிந்தியவை. 1909-ல் லண்டனில் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் என்பவர் யோசனை சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் வரைந்தவை. அந்தச் சீட்டு உலகமெல்லாம் விற்றது; விற்றுக்கொண்டே இருக்கிறது. வரைந்தவளுக்குக் கிடைத்தது சொற்பத் தொகை. 1951-ல் கடன்காரியாகச் செத்தாள். அத்தனை பேருடைய வருங்காலத்தையும் காட்டுகிற படங்கள், தம்மை வரைந்தவளுடைய வருங்காலத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

இனி, இந்தச் சீட்டுக்கு நடக்கிற உபசாரத்தைப் பாருங்கள். அக்காள் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு நானும் ஒன்றிரண்டு புத்தகம் வாங்கிப் படித்தேன். சீட்டைப் பட்டுத்துணியில் சுற்றிவைக்க வேண்டும். பிறத்தியார் கை படக்கூடாது. பட்டால் தீட்டு. தீட்டுக் கழிய மூலிகைப் புகை காட்ட வேண்டும். அல்லது பௌர்ணமி நிலவில் ஜன்னலோரம் வைக்க வேண்டும். அல்லது அதன் மேல் ஒரு ஸ்படிகக் கல்லை வைக்க வேண்டும். துயரப்பட்டவர் யாராவது வந்துவிட்டுப் போனால் அந்தத் துயரம் சீட்டில் ஒட்டிக்கொள்ளுமாம். மறக்காமல் சுத்தி செய்துவிட வேண்டுமாம்.

சீட்டு காகிதம். காவிரிக்கரை ஈரத்தில் காகிதம் உப்பும். வியர்வைக் கை பட்டால் ஓரம் கறுக்கும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தொடுவது, உலர்ந்த இடத்தில் வைப்பது, பெட்டியில் போட்டு மூடுவது என்ற மூன்றுக்கு மேல் அதற்கு வேண்டிய பராமரிப்பு ஒன்றும் இல்லை. பட்டுத்துணி வேண்டுமானால் இருக்கட்டும். ஆசையாக வாங்கிய பொருளை அழகாக வைத்துக்கொள்வதில் தப்பில்லை. வீணையை உறை போட்டு வைக்கவில்லையா? ஆனால் துயரம் ஒட்டிக்கொள்ளும் என்கிறாரே, அந்தத் துயரத்துக்குச் சொந்தக்காரி எங்கே போனாள் என்று அவர் கேட்டாரா? அவள் படியிறங்கிப் போன பிறகு சீட்டுக்குப் புகை போட்டார். அவளுக்கு ஒரு தடவை போன் போட்டு, "வீடு போய்ச் சேர்ந்தாயா அம்மா?" என்று விசாரிக்கவில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது கிளி ஜோசியக்காரருக்கு வருகிறேன். நண்பர் கோபித்துக்கொண்டது இந்தக் கதையைக் கேட்டுத்தான்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள், எங்கள் சித்தியோடு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கிளி ஜோசியக்காரர். சித்தி நாலணா கொடுத்து உட்கார்ந்தாள். கிளி வெளியே வந்தது. அழுக்கேறிய உறைகளை அலகால் ஒவ்வொன்றாகத் தள்ளிற்று. ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு நெல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போயிற்று. இந்த வித்தையின் சூட்சுமம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நெல் எப்போது கிடைக்கிறதோ அப்போது கிளி நிறுத்திவிடும். நெல்லோ அவர் விரலிடுக்கில் இருக்கிறது. சீட்டில் வந்தது ராமர் பட்டாபிஷேகம். பட்டாபிஷேகத்துக்கு என்ன பலன் சொல்லுவார்கள்? பிரிந்தவர் கூடுவார், குடும்பம் சேமமாயிருக்கும் என்றுதானே? அவர் அதைச் சொல்ல வாயெடுத்தார். சீட்டைக் காட்ட நீட்டியபோது, பார்ப்பதற்குச் சித்தி குனிந்தாள்; புடவைத் தலைப்பு கையிலிருந்து விலகிற்று. முழங்கைக்கு மேலே சூடு போட்ட தழும்பு. மனுஷர் ஒரு நிமிஷம் பேசவில்லை. சீட்டை உறைக்குள் போட்டார்.

"பொறந்த வீட்டுத் திசை நல்ல திசை தாயி. இன்னைக்கே போயிடு. வீட்டுக்குப் போயி சொல்லிட்டுப் போகலாம்னு நெனைக்காதே. இப்படியே போயிடு" என்றார்.

சித்தி என்னை இழுத்துக்கொண்டு அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போகவில்லை. தையல் மெஷின் வைத்துப் பிழைத்தாள். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தாள்.

இதைச் சொன்னதும் நண்பர், "ஆக, கிளி ஜோசியம் உண்மை என்கிறீரா?" என்றார். இல்லை ஐயா, இல்லை! அதே மனுஷர் எங்களுக்கு அடுத்தாற்போல உட்கார்ந்த கிழவர் ஒருவருக்கு, காணாமல் போன பிள்ளை திரும்பி வருவான் என்று சொல்லி ஐந்து ரூபாய்க்குத் தாயத்துக் கட்டிவிட்டார். என் கண்ணால் பார்த்தேன். அவர் மகான் அல்ல. அவருடைய கிளிக்குத் தன் நாள்கூடத் தெரியாது. பிறத்தியார் நாள் எங்கே தெரியும்? சிங்கப்பூரில் மணி என்ற ஜோசியக் கிளி 2010-ஆம் வருஷத்து உலகக் கால்பந்துப் போட்டியில் வரிசையாகச் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசி ஆட்டத்தில் நெதர்லாந்து ஜெயிக்கும் என்றது, ஜெயித்தது ஸ்பெயின். நான் சொல்லுவது ஒன்றே ஒன்று. அன்றைக்கு அவர் சீட்டைப் படிக்கவில்லை. சித்தியின் கையைப் படித்தார். மன்னார்புரத்து அம்மாள், எதிரே இருந்த கையைப் படிக்காமல் சீட்டைப் படித்தார். இரண்டு பேரும் சொன்னது சொந்த அபிப்பிராயம். ஒருவருடைய அபிப்பிராயம் பார்த்ததிலிருந்து வந்தது. மற்றவருடையது புத்தகத்திலிருந்து வந்தது.

சீட்டுக்கு அர்த்தம் இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு பழைய சோதனையைச் சொல்லுகிறேன். 1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற மனோதத்துவ ஆசிரியர் தம் மாணவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்து, ஒவ்வொருவருக்கும் 'உன் குணம் இது' என்று தனித்தனியாகக் காகிதம் கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4-க்கு மேல் வந்தது. பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது, அத்தனை காகிதத்திலும் இருந்தது ஒரே வாசகம். அதுவும் கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது! 'உனக்குள் ஒரு தயக்கம் இருக்கிறது. வெளியே தைரியமாகக் காட்டிக்கொள்கிறாய்' என்றால் யாருக்குத்தான் பொருந்தாது? மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாருக்கும் பொருந்தும்.

இதனால் குறி கேட்பதே பாபம் என்று நான் சொல்லவில்லை. தமிழனுக்கு அது புதிதும் அல்ல. முல்லைப்பாட்டில், போருக்குப் போன தலைவன் வருவானா என்று கலங்கும் பெண்ணுக்காக, முதிய பெண்கள் நெல்லும் பூவும் கொண்டு ஊருக்கு வெளியே போய் நின்று விரிச்சி கேட்கிறார்கள். அங்கே ஓர் இடைப்பெண், பசியால் தவிக்கும் கன்றுகளிடம், உங்கள் தாய்மார் இதோ வந்துவிடுவார்கள் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை நல்ல வார்த்தையாக எடுத்துக்கொண்டு வந்து, தலைவியைத் தேற்றுகிறார்கள். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் கூடல் இழைக்கிறாள். அவள் பெருமாள் நம் அரங்கன் வீற்றிருக்கிற ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டிலும் நான் கவனிக்கிற விஷயம் இது: குறி பார்த்தவர்கள் அவளோடு வாழ்கிறவர்கள், அல்லது அவளேதான். தேற்றின முதியவர்கள் மறுநாளும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். அவள் அழுதால் அவர்கள் தோள் இருந்தது. வார்த்தையைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிடவில்லை.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். அக்காள் மகள் ஏன் என்னிடம் வரவில்லை? வந்தாள். மன்னார்புரத்து மாடிக்குப் போவதற்கு முன் இரண்டு தடவை என் வீட்டுக்கு வந்தாள். முதல் தடவை நான் தொடர்கதைக்கு அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தேன். "உட்காரம்மா, மாமி காபி தருவாள்" என்றேன். இரண்டாம் தடவை அரிஸ்டோ மேம்பாலம் ராணுவ நிலத்தால் எத்தனை வருஷம் ஒரு கை இல்லாமல் நின்றது என்பதைப் பற்றி அவளுக்கு அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பாலத்தின் கை தெரிந்தது எனக்கு. பக்கத்தில் இருந்தவளுடைய கை தெரியவில்லை. இரண்டு தடவையும் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். சித்திரை மாதத்து வெயிலில் முழுக்கை ரவிக்கை! பெண்களின் மனத்தைப் படம் பிடிக்கிறவன் என்று பத்திரிகைக்காரர்கள் என்னைப் பற்றி எழுதுகிறார்கள்.

"மாமா, அந்த அம்மா ஒரு மணி நேரம் என் முகத்தையே பார்த்துண்டு, நான் பேசறதைக் கேட்டா. அதுக்குத்தான் போனேன்" என்று அவள் பிறகு சொன்னாள். அந்த 1500 ரூபாய் சீட்டுக்கு அல்ல, காதுக்கு. வீட்டில் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டியதை மூன்றாவது மாடியில் விலைக்கு வாங்கினாள். பகுத்தறிவு பேசுகிற என் நண்பர் இதைக் கவனிக்க வேண்டும். மூடநம்பிக்கையை ஒழிக்கிறேன் என்று மேடையேறி முழங்குகிறோம். இறங்கி வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி சொல்லுகிறதைப் பேப்பரைத் தாழ்த்தாமல் கேட்கிறோம். மேடைக்கு எதிரே இருக்கிற அத்தனை பேர் வீட்டிலும் இந்தப் பேப்பர் தாழாதவரை, சீட்டுக்காரர்களுக்குப் பஞ்சமே வராது.

டாரட் பார்க்கிறவர்களுக்கும் சொல்லுகிறேன். உங்களைப் பிடித்து உள்ளே போடச் சொல்லவில்லை. கடையை மூடச் சொல்லவும் இல்லை. படத்தைக் காட்டி, 'இது உனக்கு எதை நினைவூட்டுகிறது?' என்று கேட்டு, வந்தவர் மனம் திறக்கக் காத்திருப்பீர்களானால், அதில் நன்மைகூட உண்டு. எத்தனையோ பேர் வாயால் சொல்ல முடியாததைப் படத்தைச் சுட்டிச் சொல்லிவிடுவார்கள். எட்டு வாள்களின் நடுவே நிற்கிற பெண்ணைக் காட்டி, "உன்னை யார் அம்மா கட்டினார்கள்?" என்று கேட்டிருந்தால், என் வீட்டுப் பெண் அன்றைக்கே அழுது சொல்லியிருப்பாள். ஆனால் 'கார்டு சொல்லுகிறது' என்ற அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிடுங்கள். 'நான் சொல்லுகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். பொறுத்துக்கொள் என்ற வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

அடிபட்டு வருகிறவளுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் எந்தச் சீட்டிலும் இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இந்த மாநிலத்தில் 1992 முதல் இருக்கின்றன. 181 என்று ஓர் உதவி எண் இருக்கிறது. அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, உங்கள் பட்டுத்துணிக்குள் 79-ஆவது சீட்டாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காள் மகள் இப்போது எங்களோடு இருக்கிறாள். மாவுக்கட்டுப் பிரித்தாகிவிட்டது. மாலையில் அவள் வந்து எதிரே உட்கார்ந்தால் நான் பேனாவை மூடிவைத்துவிடுகிறேன். இந்தக் கட்டுரைகூட ஒரு வாரம் தாமதமாகத்தான் பத்திரிகைக்குப் போகிறது. ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.